நாற்பத்தாறு கிலோ வீடு

இடுப்புக்குக் கீழே, வலது பக்கம், யாரோ ஆணி அடித்து அதில் ஈரச் சட்டையை மாட்டி வைத்தது போல வலித்தது. அவன் சிமென்ட் தரையில் மல்லாந்து கிடந்தான். அந்த வலி டாக்டருக்குப் பயப்படுவதில்லை, தைலத்துக்கும் பயப்படுவதில்லை. குளிர்ந்த தரைக்கு மட்டும் கொஞ்சம் மரியாதை கொடுக்கும்.

காலை ஐந்திலிருந்து மதியம் ஒன்று வரை குப்பை வண்டியில் அள்ளிப் போடுகிற வேலை. பதினாறு வருஷமாக அதேதான். வண்டிக்கு ஒரு டிரைவர், அள்ளுவதற்கு நாலு பேர்.

ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் பையைக்கூடக் கழற்றாமல் வந்து தலைமாட்டில் நின்றாள்.

"அப்பா, நான் சைபர்."

"எதுல?"

"குப்பையில."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பு இழுத்தது. பாதிச் சிரிப்போடு நிறுத்திக்கொண்டான்.

"என் பொண்ணு குப்பையில சைபரா? வெளியில சொல்லாத, வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க. காட்டு."

அவள் நோட்டை அவன் முகத்துக்கு மேலே பிடித்தாள். அட்டையில் பூமி உருண்டை பல்லைக் காட்டிச் சிரித்தது. இந்த வருஷம் புதிதாக வந்த பாடம், 'நம் பூமி, நம் பொறுப்பு.' பிள்ளைகள் வீட்டில் சேரும் குப்பையை முதல் வாரம் எடை போட்டு எழுத வேண்டும். இரண்டாம் வாரம் குறைத்துக் காட்ட வேண்டும். மகள் எழுதியிருந்தாள்: முதல் வாரம் நானூற்று எண்பது கிராம். இரண்டாம் வாரம் நானூற்று எண்பது கிராம். குறைத்தது: சைபர். கீழே சிவப்பு மையில், 'முயற்சி இல்லை.'

"நானூத்தி எண்பதா? அவ்வளவு எங்கேர்ந்துடி வந்துச்சு?" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து. ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் இஸ்திரி போடுகிறவள். அந்த வீட்டில் டப்பா காலியானால் குவளையாகும், சட்டை கிழிந்தால் கரித்துணியாகும், கரித்துணியும் கிழிந்தால் ஜன்னல் ஓட்டைக்குப் போகும். குப்பையாவதற்கு எதற்கும் அங்கே சுலபத்தில் அனுமதி கிடைக்காது.

"சைபர் வாங்கினா என்ன ஆகும்?" என்று கேட்டான்.

மகள் நோட்டை மூடினாள். உதடு கோணியது.

"இந்தப் பாடத்துல தேறினாத்தான் பெரிய பள்ளிக்கூடத்துல ஆறாங்கிளாஸ் இடம். இல்லன்னா கிடங்குப் பக்கம் இருக்கற பள்ளிக்கூடந்தான்."

அவன் சிரிப்பு நின்றது. அந்தப் பள்ளிக்கூடத்தை அவனுக்கு நன்றாகத் தெரியும். குப்பைக் கிடங்குக்கு வண்டி திரும்பும் முனையில் இருக்கிறது. காற்று அடிக்கும் நாளில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பாடம் நடத்துவார்கள். அவன் படித்ததும் அங்கேதான். ஏழாவதோடு ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வந்தவன், திரும்பவும் உள்ளே போகவில்லை.

கையை ஊன்றி எழுந்தான்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு டீச்சரைப் பார்க்கப் போனான். பிள்ளைகளின் பெஞ்சைக் காட்டி, "உட்காருங்க சார்" என்றாள். தரையிலிருந்து ஒரு சாண் உயரம். உட்கார்ந்துவிடலாம், எழுந்திருப்பதற்கு இரண்டு ஆள் வேண்டும் என்று நின்றுகொண்டே பேசினான்.

"எங்க வீட்டுல குறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல மேடம்."

"அப்படிச் சொல்லக்கூடாது சார். எல்லா வீட்டுலயும் குறைக்கறதுக்கு ஏதாவது இருக்கும். பாடத்துலயே அப்படித்தான் இருக்கு."

"மத்த வீட்டுலல்லாம் எவ்வளவு?"

"சராசரியா அஞ்சு கிலோ. அடுத்த வாரம் நாலு தொள்ளாயிரம். தேர்ச்சி."

"அஞ்சு கிலோ போட்டவங்க பாஸ், அரைக் கிலோ போட்டவ பெயிலா?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தாள். மேஜையில் நோட்டுகள் முட்டி உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவளுக்கும் எங்கேயோ இடுப்பு வலிப்பது முகத்தில் தெரிந்தது.

"நான் கம்ப்யூட்டர்ல எண்ணைப் போடறேன். குறைஞ்சிருந்தா பச்சை காட்டுது. குறையலன்னா சிவப்பு காட்டுது. உங்க வீட்டுல குறைச்சலா இருக்கறது நல்ல விஷயம்தான் சார். ஆனா நல்ல விஷயத்துக்குக் கட்டம் இல்ல."

"அப்ப என்ன பண்ணலாம்?"

"இன்னும் ரெண்டு வாரம் டைம் தரேன். முதல்லேர்ந்து பண்ணச் சொல்லுங்க. முதல் வாரம் சாதாரணமா இருங்க, எல்லார் வீட்டையும் மாதிரி. சேர்ந்த குப்பையை வாசல்ல வெச்சிருங்க, வாரக் கடைசியில நான் நேர்ல வந்து பார்க்கணும். ரெண்டாவது வாரம் குறைங்க."

எல்லார் வீட்டையும் மாதிரி. வழி நெடுக அவன் அதையே சொல்லிக்கொண்டு வந்தான்.

முதல் நாள் சொந்த முயற்சியாகத்தான் தொடங்கினார்கள். தூக்கிப் போடுவதற்கு என்ன இருக்கிறது என்று மூன்று பேரும் வீட்டைச் சுற்றி வந்தார்கள். வீட்டைச் சுற்றி வர அரை நிமிஷம் ஆனது.

"உன் பழைய செருப்பு" என்றாள் மகள், தராசைப் பிடித்துக்கொண்டு. பள்ளிக்கூடத்தில் கொடுத்த கொக்கித் தராசு.

"அது பழசு இல்ல. அதுதான் செருப்பு."

"இந்தக் குடை?"

மனைவி குடையைப் பிடுங்கிக்கொண்டாள். "ரெண்டு கம்பிதான் போயிருக்கு. மீதி ஆறு கம்பி என்ன பாவம் பண்ணுச்சு? ஏங்க, குப்பை போடணும்னா முதல்ல நிறைய வாங்கணுங்க. அந்த அந்தஸ்து நமக்கு எப்ப வந்துச்சு?"

அன்றைய எடை எழுபது கிராம். அதிலும் ஒரு காலிப் பொட்டலத்தை மனைவி திரும்ப எடுத்துக்கொண்டாள். ஐம்பத்தைந்து.

அடுத்த நாள் காலை பெரிய வீடுகள் இருக்கும் தெருவில் வண்டி நின்றபோது, அவன் ஒரு மூட்டையை வண்டிக்குள் எறியாமல் ஓரமாக வைத்தான். கூட அள்ளும் நெட்டை அதைப் பார்த்துவிட்டான். ஆள் நல்ல உயரம். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷந்தான் ஆகிறது. நாலு பேரில் அவன்தான் கடைசி.

"என்னண்ணே, மறந்துட்டீங்களா?"

"இல்லடா. வீட்டுக்கு."

"வீட்டுக்கா? உள்ள ஏதாவது நல்ல சாமான் இருக்கா?"

"ஒண்ணும் இல்ல. குப்பைதான்."

விஷயத்தைச் சொன்னான். நெட்டை வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"தங்கம் திருடறவனைப் பார்த்திருக்கேன், பித்தளை திருடறவனைப் பார்த்திருக்கேன். குப்பையைத் திருடறவரை இப்பத்தாண்ணே பாக்கறேன். குடுங்க, நான் தூக்கிட்டு வரேன். உங்க இடுப்பு போயிடும்."

வேலை முடிந்ததும் நெட்டையே அந்த மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து அவன் வாசலில் இறக்கினான். மகள் தராசில் மாட்டினாள். ஐந்து கிலோ இருநூறு.

"இது நம்ம குப்பை இல்லையேப்பா" என்றாள்.

"இந்த ஊர்ல நான் தூக்காத குப்பை எது? எழுதிக்கோ."

யோசித்துவிட்டு எழுதிக்கொண்டாள். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஐந்து கிலோ வீடு, மரியாதையான வீடு, எல்லாரையும் போன்ற வீடு.

ஆனால் அவர்கள் சந்தில் பன்னிரண்டு குடித்தனம். குப்பை வண்டி அந்தச் சந்துக்குள் என்றைக்கும் வந்ததில்லை. அகலம் போதாது என்று அலுவலகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவனே அந்த வண்டியில் போகிறவன், அவனாலும் அகலப்படுத்த முடியவில்லை. சந்துக்காரர்கள் தங்கள் குப்பையைச் சாக்கடையோரம் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவார்கள். இப்போது அள்ளுகிறவனின் வாசலிலேயே ஒரு மூட்டை கட்டி வைத்திருப்பதைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் ஒரு மூட்டை நாலாகியிருந்தது.

"இனிமே உங்க வீட்டுலேர்ந்துதான் எடுக்கறாங்களாமே?" என்றாள் எதிர்வீட்டு அக்கா, ஐந்தாவதை வைத்துக்கொண்டே. "இப்பவாவது நம்ம சந்து ஞாபகம் வந்துச்சே. நல்லா இருப்பீங்க தம்பி."

"இல்லக்கா, இது பாப்பாவோட பாடம்..."

"படிக்கட்டும், படிக்கட்டும். நல்லதுதானே."

அவன் மகளிடம் அதையெல்லாம் எழுத வேண்டாம் என்றான். அவள் கேட்கவில்லை.

"நம்ம வாசலுக்கு வந்தது நம்ம பொறுப்புன்னு பாடத்துல இருக்குப்பா. அட்டையிலயே போட்டிருக்கு."

மூட்டைகளை வெளியே எடுத்துப் போகவும் முடியாது. டீச்சர் நேரில் வந்து பார்க்கும்வரை வைத்திருக்க வேண்டும். நாலாம் நாள் பூனைகள் வந்தன. ஐந்தாம் நாள் பூனைகளுக்குப் பயப்படாத எலிகள் வந்தன. மனைவி மூக்கில் துணி கட்டிக்கொண்டு சமைத்தாள். ஆறாம் நாள் வீட்டுக்காரர் வந்து, உள்ளே காலை வைக்காமல் சந்து முனையில் நின்றே கத்தினார்.

"நான் வீட்டைத்தான் வாடகைக்கு விட்டேன், கிடங்கை இல்ல! வேலையை வேலை செய்யற இடத்துல வெச்சுக்கணும், வீட்டுக்குத் தூக்கிட்டு வரக்கூடாது!"

"பாப்பா பாடங்க. நாளைக்கு டீச்சர் வந்துட்டுப் போனதும் எடுத்துடறேன்."

"என்ன பாடம் இது? எல்லாரும் பிள்ளையைப் படிக்க வெச்சா வீடு சுத்தமாகும். உனக்குத்தான் இப்படி!"

சனிக்கிழமை டீச்சர் வந்தாள். மகள் ஒவ்வொரு மூட்டையாகத் தராசில் மாட்டிக் காட்டினாள். மொத்தம் நாற்பத்தாறு கிலோ. டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மகளைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"மூணு பேருக்கு நாப்பத்தாறு கிலோவா?"

"எல்லார் வீட்டையும் மாதிரி இருக்கச் சொன்னீங்க."

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு வீட்டைப் பார்த்ததில்ல சார். இதையெல்லாம் ஒருத்தர் வந்து அள்ளணுமே, அவர் முதுகு என்ன ஆகும்னு ஒரு நிமிஷமாவது யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன் மேடம்" என்றான் அவன்.

டீச்சர் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தாள். குப்பையைக் குறைக்கப் பத்து வழிகள். மழையில் நனையாமலிருக்கப் பளபளப்பான பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. உறையோடு முப்பது கிராம் இருக்கும்.

அன்று சாயங்காலமே மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தோளில் ஏற்றிப் பெரிய ரோட்டு முனைக்குத் தூக்கினான். திங்கட்கிழமை அவனுடைய வண்டியே வந்து எடுக்கும். எடுப்பதும் அவன்தான். மகள் வாசற்படியில் உட்கார்ந்து பரீட்சைக்கு மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

"சுற்றுச்சூழல் நீதி என்றால் என்ன? குப்பையைக் குறைவாக உண்டாக்குகிறவர்களே அதன் பாரத்தை அதிகமாகச் சுமக்கிறார்கள். அந்த நிலையை மாற்றுவதே சுற்றுச்சூழல் நீதி. அப்பா, இதுக்கு ஒரு உதாரணம் எழுதணும். என்ன எழுதலாம்?"

"வழியை விடு, கால்ல விழுந்துடப் போகுது."

"டீச்சர் ஒரு தீவு சொன்னாங்க. கடலுக்கு நடுவுல எங்கேயோ. பேர் மறந்துபோச்சு."

"திங்கக்கிழமை கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு ஏழாவது மூட்டையோடு அவன் போனான்.

திங்கட்கிழமை வகுப்புச் சுவரில் பெரிய தாள் ஒன்று ஒட்டியிருந்தார்கள். முப்பது வீடுகளுக்கும் முப்பது கோடு. இருபத்தொன்பது கோடுகள் விரல் உயரம். ஒன்று மட்டும் கூரையைத் தொடப் போவது போலச் சிவப்பாக நின்றது. மகளுக்கு அன்றே பெயர் வைத்துவிட்டார்கள். 'குப்பை ராணி.' சாயங்காலம் வந்தவள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"ஒரு வாரம் பொறுத்துக்கோ கண்ணு" என்றான் அவன். "அடுத்த வாரம் நம்ம அளவுக்கு ஒருத்தனாலயும் குறைக்க முடியாது."

இரண்டாம் வாரம் மனைவி வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் வாசலில் விளக்குமாற்றோடு காவல் இருந்தாள்.

"இந்த வாரம் எடுக்கறதில்ல! போங்க, போங்க!"

"போன வாரம் எடுத்தீங்களே?" எதிர்வீட்டு அக்காவுக்குக் கோபம். "அதுக்குள்ள உங்களுக்கும் சந்து அகலம் போதலையா?"

அந்தப் பேச்சு மனைவிக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் விளக்குமாற்றைக் கீழே போடவில்லை. பன்னிரண்டு குடித்தனக் குப்பையும் பழையபடி சாக்கடையோரத்துக்குப் போனது. அவர்கள் வீட்டின் எடை எப்போதும் போல நானூற்று எண்பது கிராம்.

டீச்சர் எண்ணைப் போட்டாள். கம்ப்யூட்டர் பச்சை காட்டியது. தொண்ணூற்றொன்பது சதவீதம். டீச்சர் இரண்டு தரம் போட்டுப் பார்த்தாள். இரண்டு தரமும் பச்சை.

பரிசளிப்பு வேலைநாளில், காலை பத்து மணிக்கு வைத்திருந்தார்கள். பெற்றோர் கட்டாயம் வர வேண்டும். ஆள் குறைந்தால் மற்ற மூன்று பேரும் சேர்ந்து இழுக்க வேண்டும். வண்டி மேஸ்திரி சுலபத்தில் விடமாட்டார். நெட்டைதான் முன்னால் வந்தான்.

"அவரு பக்கத்தையும் நானே பாத்துக்கறேன் மேஸ்திரி. நீங்க போங்கண்ணே. பாப்பா மேடை ஏறும்போது அப்பா இல்லன்னா நல்லா இருக்காது."

"ரெண்டு ஆள் வேலைடா. முதுகு கழண்டுடும்" என்று அவன் தடுத்தான்.

"சும்மாவா செய்யறேன்? நீங்க எனக்கு ஒரு நாள் வேலை தரணும். எப்ப வேணுமோ அப்பக் கேட்பேன்."

"எப்ப வேணாலும் கேளு" என்றான் அவன்.

இஸ்திரி போட்ட சட்டையில் மனைவியோடு முன் வரிசையில் உட்கார்ந்தான். நகராட்சியிலிருந்து அதிகாரி வந்திருந்தார். மேடையில் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். மகளைக் கூப்பிட்டு, எப்படிக் குறைத்தாய் என்று கேட்டார்கள்.

"எங்க வீட்டுல எல்லாரும் ஒத்துழைச்சாங்க" என்றாள் மகள். டீச்சர் சொல்லிக் கொடுத்திருந்தது. பிறகு சொல்லிக் கொடுக்காததையும் சேர்த்துக்கொண்டாள். "அப்பாதான் நிறையத் தூக்கினாரு."

எல்லோரும் கைதட்டினார்கள். அதிகாரி மைக்கைப் பிடித்தார்.

"இந்த வகுப்போட மொத்தக் குப்பை நூத்தித் தொண்ணூத்தோரு கிலோவா இருந்துச்சு. இப்ப நூத்தி நாப்பத்துமூணு. நாலுல ஒரு பங்கு குறைஞ்சுபோச்சு! பிள்ளைங்க செஞ்சதைச் சுவத்துல ஒட்டி வெச்சுட்டு நாங்க மறந்துட மாட்டோம். இந்தக் கணக்கை நாங்க பயன்படுத்தப் போறோம்" என்று மகளின் நோட்டை வாங்கிக்கொண்டார்.

பெரியவர்கள் ஒரு குழந்தை எழுதியதை மதிக்கிறார்கள். அந்த மண்டபத்திலேயே பலமாகக் கைதட்டியது அவன்தான். மகளுக்குப் பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் எழுதின தாளைக் கொடுத்தார்கள். வீட்டில் அதைச் சுவரில் மாட்டக்கூட மனசில்லாமல் மனைவி துணிகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினாள்.

மூன்று வாரம் போனது. ஒரு காலையில் அவன் ஷெட்டுக்குள் நுழைந்தபோது நெட்டை வண்டிப் படியில் உட்கார்ந்து, அலுவலகச் சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தான். உள்ளே போட்டிருந்த சொந்தச் சட்டை அவனுக்குக் குட்டையாக இருந்தது.

"என்னடா, லீவா?"

"சட்டையைத் திருப்பிக் குடுக்கச் சொல்லிட்டாங்கண்ணே. இனிமே வண்டிக்கு மூணு பேர் போதுமாம். கடைசியா வந்தவன் நான்தானே."

"ஏனாம்?"

"குப்பை குறைஞ்சுபோச்சாம்."

அவனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"எவன்டா சொன்னான்? நேத்துத் தூக்கினது எவ்வளவுன்னு என் இடுப்பைக் கேட்கச் சொல்லு! ரூமுக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு எவனோ பொய்க் கணக்கு எழுதிடறான், வேலை போறது நம்மளுக்கு. எழுந்திரு, போய்க் கேட்கலாம். அந்தக் கணக்கை எழுதினவன் யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்!"

நெட்டை எழுந்திருக்கவில்லை. மடித்த சட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"கிளார்க் அந்த நோட்டைக் காட்டினாருண்ணே, பாப்பா கையெழுத்து முத்து முத்தா இருக்கு, நீங்க ஒண்ணும் கேட்க வேண்டாம், எனக்கு நீங்க தர வேண்டிய அந்த ஒரு நாள் வேலை மட்டும் பாக்கி."